டென்சில், உமையாள், நான்

வட்டி ஏறினால் கடன் பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தேய்மானம் கூடினால் லாப நட்டக் கணக்கில் என்ன ஆகும், பணப்புழக்கத்தில் என்ன ஆகும் என்று கடகடவென ஒப்பிப்பேன். "உங்க ஃபிரெண்ட்ஸ் பத்திச் சொல்லுங்க" என்றால்தான் நான் மாட்டிக்கொள்வேன். முதலீட்டு வங்கி இன்டர்ன்ஷிப்புக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது, அதுவும் எரிச்சலோடு தோன்றியது.

சம்பந்தம் உண்டாம். இந்த வங்கிக்காரர்களிடம் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. கணக்கெல்லாம் கேட்டு முடித்த பிறகு மனதுக்குள் ஒன்று கேட்டுக்கொள்வார்கள்: இந்தப் பெண்ணோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு, விமானமும் வராமல், நாள் முழுக்க உட்கார வேண்டியிருந்தால் நம்மால் தாங்க முடியுமா? இதற்கு ஏர்போர்ட் டெஸ்ட் என்று பெயர். நீங்கள் கூட்டாளிகளோடு பழகிய கதை, சண்டை போட்ட கதை, சொதப்பிய கதை எல்லாம் கேட்பது இதற்காகத்தான்.

முன்பெல்லாம் அந்தக் கதைகளை மடிக்கணினியே எழுதிக் கொடுத்துவிடும். எல்லோரும் ஒரே மாதிரி கதை சொல்ல ஆரம்பித்ததும் வங்கிகள் மீட்டர் வைத்தன. மேசை மேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். உங்கள் குரலையும் நாடியையும் கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்வது நீங்கள் வாழ்ந்ததாக இருந்தால் பச்சை எரியும். கட்டிச் சொன்னதாக இருந்தால் சிவப்பு. அவ்வளவுதான்.

முதல் வங்கியில் நான் கல்லூரி விழாவுக்குத் தலைமை தாங்கிய கதையைச் சொன்னேன். சிவப்பு எரிந்தது. எதிரில் இருந்தவர் நல்ல மனிதர், "கணக்கெல்லாம் பிரமாதம்மா. ஆனா இது நீங்க வாழ்ந்தது இல்லையே" என்று சிரித்தார். அடுத்த வங்கியில் வீம்புக்கு உண்மையைச் சொன்னேன். "எனக்கு ஃபிரெண்ட்ஸ்னு யாரும் இல்ல சார். காலேஜ் போவேன், ரூமுக்கு வருவேன், படிப்பேன்." பச்சை அப்படிப் பளிச்சென்று எரிந்தது. வேலை கிடைக்கவில்லை.

என் பெயர் கோமதி. ஊர் சங்கரன்கோவில், அங்கே தெருவுக்கு நாலு கோமதி. எம்.பி.ஏ. முதல் வருடம். பி.காம். படிக்க வந்ததிலிருந்து வேளச்சேரியில் ஒரே விடுதியில் இருக்கிறேன். அறையில் இன்னொரு பெண்ணும் உண்டு, ஏதோ கம்பெனியில் இராப்பணி. அவள் துணி காய்வதைப் பார்த்திருக்கிறேனே தவிர ஆளைச் சரியாகப் பார்த்ததில்லை. யாரும் என்னை ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நானே யாரிடமும் போகவில்லை. முதலில் படிப்பு முடியட்டும், பழகுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பிறகு பார்த்தால் பழகவே தெரியவில்லை.

அந்த வருடத்து ஆள்தேர்வில் இன்னும் ஒரே ஒரு வங்கிதான் பாக்கி. அதன் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் விடாது. அங்கே இன்டர்ன்ஷிப் கிடைத்தால் வேலை உறுதி. கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அப்பா வேறு தெருவெல்லாம் "எம் புள்ளைக்குப் பெரிய பேங்குல வேல ஆயிப்போச்சு" என்று சொல்லிவிட்டிருந்தார். வேலை ஆவதற்கு முன்பே.

அப்படித்தான் அசோக் நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த பயிற்சி மையத்துக்குப் போனேன். அதை நடத்துபவர் தீனதயாளன், எல்லோருக்கும் தீனா சார். அரை மணி நேரம் கணக்குக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"இதுல உனக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்லம்மா. உனக்கு வேண்டியது வேற."

"என்ன சார்?"

"பதியம்."

எனக்குப் புரியவில்லை. அவர் ஜன்னலோரம் இருந்த மல்லிகைத் தொட்டியைக் காட்டினார்.

"கிளைய வளைச்சு மண்ணுல புதைச்சா தனியா வேர் விடும்ல? அது மாதிரிதான். ஒரே ஒரு நாள், நீ வாழ்ந்த மாதிரியே, உன் நெனப்புல வெப்போம். மிச்சத்த உன் மூளையே வளர்த்துக்கும். மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது, ஏன்னா உன் உடம்புக்கே தெரியாது."

"யாரோ நிஜமா வாழ்ந்த நாளா சார்?"

"சேச்சே! எழுதி, நடிக்க வெச்சு, டாக்டர வெச்சுச் செஞ்சது. விதைன்னு சொல்லுவோம். விதவிதமா இருக்கு. உனக்கு ஃபிரெண்ட்ஸ் விதை போட்டாப் போதும்."

"பொய் தானே சார்?"

"ஏம்மா, எல்லாருக்கும் நாலு ஃபிரெண்ட்ஸ் இருக்கணும்னு கேள்வி கேக்குறானே, அவன் மட்டும் ரொம்ப நியாயமா? ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. இன்டர்வியூ முடிஞ்சதும் பிடுங்கிடணும். ஜாயின் பண்ற அன்னிக்கு மெடிக்கல்ல தலைய ஸ்கேன் எடுப்பாங்க. பதியம் இருந்துச்சுன்னா வேலை கிடையாது."

"பிடுங்கினா வலிக்குமா?"

"ரெண்டு நாள் வெறிச்சுனு இருக்கும். பல்லு பிடுங்கினா நாக்கு அங்கயே போகும்ல, அப்படி. அப்புறம் சரியாயிடும்."

சரி என்றேன். தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டிப் படுக்க வைத்தார்கள். எழுந்தபோது எனக்கு டென்சிலும் உமையாளும் இருந்தார்கள்.

அந்த நாள் இப்படி. பி.காம். இரண்டாம் ஆண்டில், திருச்சியில் ஒரு கல்லூரியில் பங்கு வர்த்தகப் போட்டி. நாங்கள் மூன்று பேரும் ஒரு குழு. மதியம் வரை முதலிடத்தில் இருக்கிறோம். நான் ஒரு ஆர்டரில் கூடுதலாக ஒரு பூஜ்யத்தைப் போட்டுத் தொலைக்கிறேன். சேர்த்ததெல்லாம் போய்க் கடைசி இடம். திரும்பும் வழியில் விழுப்புரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடுகிறது. சிக்னல் கோளாறாம். நான் ஜன்னலோரம் அழுதுகொண்டு இருக்கிறேன். டென்சில், ராயபுரத்துப் பையன், நெடுநெடுவென்று இருப்பான், எனக்கு எதிரே உட்கார்ந்து சொல்கிறான்: "விட்றா கோமு. அந்தப் பூஜ்யத்துக்கு இன்னிக்கு நேரம் சரியில்ல." உமையாள், காரைக்குடிக்காரி, என்னைத் திருப்பி உட்கார வைக்கிறாள். "மொதல்ல தலைய வாருவோம். தோத்தவ மாதிரி ஸ்டேஷன்ல எறங்காத." என் தலைமுடியைப் பிரித்து, சிக்கெடுத்து, அவசரமே இல்லாமல் பின்னல் போடுகிறாள். ரயில் நின்ற நேரமெல்லாம் பின்னுகிறாள். டென்சில் வடை வாங்க இறங்குகிறான். ரயில் கிளம்பிவிடுகிறது. பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்து ஏறுகிறான், ஒரு செருப்பு பிளாட்பாரத்தோடு போய்விடுகிறது. வடை பத்திரம்! வயிறு வலிக்கச் சிரிக்கிறோம்.

இவ்வளவுதான் விதை. மிச்சத்தை என் மூளை வளர்த்தது, தீனா சார் சொன்ன மாதிரியே. ஒரு வாரத்தில் டென்சில் அம்மா வைக்கும் மீன் குழம்பின் ருசி எனக்குத் தெரிந்திருந்தது. உமையாளோடு ஒரு கால்குலேட்டருக்காகச் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்ததும், கடைசியில் அவளே வந்து "போடி லூசு" என்று என் முதுகில் ஒன்று வைத்ததும் நினைவில் இருந்தன. அடேயப்பா, எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இருந்தது! விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதுவரை தனியாக இருந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது இரண்டு பேர் இல்லை என்பது தெரிந்தது. அது எவ்வளவு கஷ்டம் என்று வாயால் சொல்லி முடியாது. ஒரு நாள் தாங்காமல், நினைவில் முளைத்திருந்த டென்சிலின் நம்பருக்குப் போன் போட்டேன். இல்லாத ஆள் என்று தெரியும், தெரிந்தேதான் போட்டேன். ஆவடியில் ஒரு டயர் கடைக்காரர் எடுத்தார். "யாரும்மா வேணும்?" என்றார். சொல்லத் தெரியாமல் வைத்துவிட்டேன். அன்று மாலை அம்மா கூப்பிட்டபோது என் குரல் கம்மியிருந்தது.

"ஏட்டி, சளி பிடிச்சிருக்கா? என்ன பண்ணுத அங்க?"

"ஒண்ணுமில்லம்மா. இன்டர்வியூக்குப் படிக்கேன்."

"கூட யாராவது இருக்காளுவளா?"

"இருக்காங்கம்மா" என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம்.

நேர்காணல் பெருங்குடியில், கண்ணாடிக் கட்டடத்தில். எதிரே இருந்தவர் ஒரே ஒருவர், ஹம்ஸவேணி, துணைத் தலைவர். முப்பத்தைந்து இருக்கும். ஒழுங்காக வெட்டிய முடி, ஒழுங்கான கைக்கடிகாரம், சிரிக்காத முகம். ஒரு உப்பு கம்பெனியை எப்படி மதிப்பிடுவாய் என்று கேட்டார். சொன்னேன். மழைக்காலத்தில் உப்பு விளையாத நஷ்டத்தை எந்தக் கணக்கில் கழிப்பாய் என்றார். அதையும் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கேட்டார்.

"நீங்க செஞ்ச ஒரு தப்பால உங்க டீம் பாதிக்கப்பட்ட சம்பவம் ஏதாவது?"

நான் திருச்சியில் தொடங்கினேன். பச்சை எரிந்தது, அணையவே இல்லை. பூஜ்யத்தைச் சொன்னேன். ரயில் நின்றதைச் சொன்னேன். அதுவரை குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த ஹம்ஸவேணியின் பேனா நின்றது. உமையாள் பின்னல் போட்டதைச் சொல்லும்போது, அவர் கை தானாகப் போய்ப் பின்கழுத்தைத் தொட்டது. அங்கே பின்னல் எதுவும் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பேச்சை நிறுத்தினேன்.

அவர் கையை நீட்டி மீட்டரை அணைத்தார்.

"எந்த சென்டர்?" என்றார். பிறகு அவரே, "அசோக் நகர்? பேக்கரிக்கு மேல?"

போச்சு, எல்லாம் போச்சு, அப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் முதலில் தோன்றியது.

"பயப்படாத. நானும் அங்க போனவதான். பத்து வருஷம் ஆச்சு. இந்த பேங்க்குக்குத்தான், இதே கேள்விக்குத்தான்."

"உங்களுக்கும் டென்சில், உமையாளா மேடம்?"

"பேரா?" அவர் அந்த இரண்டு பெயர்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியாது. பிடுங்கிட்டாங்கல்ல. போட்டது தெரியும், எடுத்தது தெரியும், நடுவுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது."

"அப்புறம் எப்படி மேடம்..."

"கதைய எடுத்துடுவாங்க கோமதி. ஏக்கத்த எடுக்க முடியாது. அது எங்கயோ கீழ போய் உக்காந்துக்கும். தினம் சாயங்காலம் யாரோ வருவாங்கன்னு இருக்கும். யாருன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஒரு நல்ல மனுஷனக் கல்யாணம் பண்ணிப் பார்த்தேன். ஒருவேள இவர்தானோன்னு நெனச்சேன். இவர் இல்ல. பாவம், அவருக்கும் அது புரிஞ்சு போச்சு. போயிட்டார்." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ ரயில் நின்னுச்சுன்னு சொன்னியே, அப்பவே என் உடம்பு என்னமோ பண்ணிச்சு."

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. "அப்ப இந்தக் கேள்விய ஏன் மேடம் எங்க கிட்ட கேக்குறீங்க? நீங்களே இப்படித்தானே வந்தீங்க?"

"கேக்கச் சொல்றாங்க, கேக்குறேன். அப்புறம்..." கொஞ்சம் தயங்கினார். "யாராவது ஒருத்தர் வந்து என் நாளச் சொல்லிட மாட்டாங்களான்னும் கேக்குறேன். சென்டர் பசங்க முன்னாடியும் வந்திருக்காங்க, ஆனா எல்லாம் வேற வேற விதை. எதுக்கும் எனக்கு இப்படி ஆனதில்ல."

மீட்டரை மறுபடி போட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் வங்கியைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா என்று வழக்கமான குரலில் கேட்டார். இல்லை என்றேன். கை கொடுத்து அனுப்பினார்.

கிடைத்துவிட்டது. மடல் வந்த அன்று சங்கரன்கோவிலில் அப்பா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். அம்மா போனில் அழுதாள். நான் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில் சேர வேண்டுமென்றால் டென்சிலும் உமையாளும் போக வேண்டும். போனால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அவர்களை வைத்துக்கொண்டால் வேலை இல்லை. என் மூளையே வளர்த்த இரண்டு பேருக்காகப் பெரிய வங்கி வேலையை விட்டேன் என்று அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்க அழைத்துப் போவாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஹம்ஸவேணியிடமிருந்து அழைப்பு வந்தது, அவருடைய சொந்த எண்ணிலிருந்து.

"என்ன முடிவு பண்ணின?"

"தெரியல மேடம். அவங்கள விட மனசு வரல."

"எனக்கு யோசன ஒண்ணு தோணுது. நீ எல்லாத்தையும் என்கிட்ட சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. நீ சொல்லி நான் கேட்டது என்னோட நிஜ நினைவு தானே? ஒருத்தி என்கிட்ட பேசினா, அவ்ளோதான். எந்த ஸ்கேனும் பிடிக்காது. நீ பிடுங்கிட்டு வா. நான் உனக்குத் திருப்பிச் சொல்றேன்."

"இது தப்பில்லையா மேடம்?"

"தப்புதான்" என்றார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா."

அடையாறில் அவர் வீடு சுத்தமாக இருந்தது, யாருமே வாழாத வீடு மாதிரி. இடியாப்பம் வரவழைத்திருந்தார். காலையில் ஆரம்பித்தேன், வெயில் சாய்கிற வரை சொன்னேன். ரயில், பின்னல், செருப்பு, மீன் குழம்பு, கால்குலேட்டர், டயர் கடை. அவர் குறுக்கே பேசவே இல்லை, சில இடங்களில் "அத இன்னொரு தடவ சொல்லு" என்று மட்டும் கேட்டார். சொல்லி முடித்ததும் என்னை வாசல் வரை வந்து அனுப்பினார். "பத்திரமா வெச்சிருப்பேன்" என்றார்.

அடுத்த நாள் தீனா சார் பிடுங்கினார். முன்பு போட்ட அதே வலைத்தொப்பி. "ஒரு விஷயம் கேக்கலாமா சார்? ரெண்டு நாள் இல்ல, பத்து வருஷம் ஆனாலும் சரியாகாதவங்க இருக்காங்களா?" என்று கேட்டேன். அவர் வயர்களைச் சரிசெய்தபடி, "எனக்குத் தெரிஞ்சு யாரும் திரும்பி வந்து சொன்னதில்லம்மா" என்றார். பொய் சொன்னதாகத் தெரியவில்லை. திரும்பி வந்து சொல்வதற்கு யாருக்கு என்ன நினைவிருக்கும்?

எழுந்தேன். நன்றாகத்தான் இருந்தது. படியிறங்கி வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். என் பேருந்து வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. கூட வர வேண்டியவர்கள் இன்னும் வரவில்லையே என்று நின்றுகொண்டிருந்தேன். யாரும் வர வேண்டியதில்லை என்பது உறைத்தபோது அடுத்த பேருந்தும் போய்விட்டிருந்தது. எனக்கு அப்படி ஒரு அழுகை வந்தது. எதற்கு அழுகிறேன் என்று பக்கத்தில் நின்ற வயதான பெண்மணி கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதுவரை டென்சிலைப் பற்றியும் உமையாளைப் பற்றியும் நான் உங்களிடம் சொன்ன எதுவும் எனக்கு நினைவில் இல்லை. பின்னல், வடை, மீன் குழம்பு எல்லாம் ஹம்ஸவேணி சொல்லித் தெரிந்தது. அவர் சொன்ன சொற்களைத்தான் நான் உங்களுக்குச் சொன்னேன். டயர் கடைக்காரரின் குரல் எனக்கு நினைவிருக்கிறது, யாரைத் தேடி அவருக்குப் போன் போட்டேன் என்பது நினைவில்லை. நேர்காணலில் நான் பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது, பச்சை விளக்கு நினைவிருக்கிறது, என்ன பேசினேன் என்பது இல்லை.

ஸ்கேனில் ஒன்றும் அகப்படவில்லை. வேலையில் சேர்ந்தேன். அலுவலகத்தில் ஹம்ஸவேணி என்னிடம் மற்றவர்களிடம் பேசுவது போலத்தான் பேசினார். முதல் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். எனக்கு அந்த வாரமெல்லாம் வேலையில் மனமே நிற்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன ஏக்கத்துக்கு ஒரு பெயர் கிடைக்கப் போகிறது, ஒரு முகம் கிடைக்கப் போகிறது என்று இருந்தேன்.

அவர் எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். நன்றாகச் சொன்னார், ஒன்றையும் விடவில்லை. டென்சில் ஓடி வந்ததைச் சொல்லும்போது அவரே எழுந்து கையைத் தூக்கிக் காட்டினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். காத்துக்கொண்டும் இருந்தேன். எனக்கு எதுவும் வரவில்லை. யாரோ மூன்று பேர் எங்கோ ரயிலில் போனார்கள். நல்ல பிள்ளைகள்தான். அவர்களுக்கும் எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததற்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை.

"எப்படி இருக்கு? ஏதாவது தெரியுதா?" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு ஆசையாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்! "ஆமா மேடம், ஞாபகம் வருது" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வருஷக்கணக்கா நான் மீட்டர் பக்கத்துல உக்காந்திருக்கேன் கோமதி. இதுக்கு எனக்கு மீட்டர் வேண்டாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஒண்ணுமே வரல மேடம். கதையாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் அவர்.

நான் நிமிர்ந்தேன்.

"அன்னிக்கு நீ சொல்லச் சொல்ல, பேர் கெடச்சிடுச்சு, இனிமே சரியாயிடும்னு நெனச்சேன். ஆகல. அந்த ரயில் மட்டும்தான் பொது. அதுக்கப்புறம் நீ வளர்த்தது உன்னோட உமையாள். அவ உன் முதுகுல அடிச்சா. என்னோடவ என்ன பண்ணினாளோ, எனக்கு என்ன பேர் வெச்சுக் கூப்பிட்டாளோ. அத யார் சொல்லுவா? நான் யார்கிட்டயும் சொல்லி வெக்கலியே." சிரிக்க முயன்றார், முடியவில்லை. "உன் கிட்ட சொன்னா நீ மனசு ஒடஞ்சு போயிடுவன்னு சொல்லல. நீ சொல்லும்போது அது உனக்கு நிஜமா இருந்துச்சு. நான் திருப்பிச் சொன்னாலாவது உனக்கு வரும்னு நெனச்சேன்."

"வரலயே மேடம்."

"ஆமா. வரல."

இரண்டு பேரும் ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, தீனா சார் மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன். இனி எத்தனை வருடம் ஆனாலும் சாயங்காலம் ஆனால் யாரோ வருவார்கள் என்று எனக்கும் இருக்கும். வரப்போவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. கிளம்புகிறேன் என்று பையை எடுத்தேன்.

"அடுத்த சனிக்கிழமையும் வா" என்றார்.

"எதுக்கு மேடம்? சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லையே."

"இல்லதான். சும்மா வா."

போனேன். அவர் டீ போட்டார், சர்க்கரை அதிகம். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, "சர்க்கரை ஜாஸ்தி மேடம்" என்றேன். "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றார். அதற்குப் பிறகு பேச ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் இரண்டு பேருக்குமே சும்மா உட்கார்ந்து பேசத் தெரியாது, அதைத்தானே காசு கொடுத்து வாங்கப் போனோம். அவர் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தார், நான் என் கைகளைப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.